உலோகமும் அலோகமும் உப்பாகும் கணக்கு

சோடியம் கத்தியால் வெட்டும் அளவுக்கு மென்மையான உலோகம். வெட்டிய முகம் வெள்ளிபோல் பளபளக்கும். காற்றுப் பட்டதும் சில நொடிகளில் மங்கிவிடும். நீரில் போட்டால் சீறிக்கொண்டு ஓடும், சில நேரம் தீயும் பிடிக்கும். அதனால் ஆய்வகங்களில் அதை மண்ணெண்ணெய்க்குள் மூழ்கவைத்துப் பாதுகாக்கிறார்கள். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிற வாயு; மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலை அரிக்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். சூடேற்றி உருக்கிய சோடியத்தைக் குளோரின் நிறைந்த குடுவைக்குள் இறக்கினால், கண் கூசும் மஞ்சள் ஒளியோடு எரிந்து, வெண்புகை எழுந்து, குடுவையின் சுவரில் வெள்ளைப் பொடி படியும். அந்தப் பொடி சோறு சமைக்கும் வீடெல்லாம் இருக்கிற உப்பு. உலோகத்தின் பளபளப்பும் வாயுவின் நஞ்சும் அதில் துளியும் இல்லை.

இந்த மாற்றத்தில் இரண்டு தனிமங்களின் அணுக்கருக்களுக்கும் ஒன்றும் நேர்வதில்லை. இடம் மாறுவது எலக்ட்ரான் மட்டுமே. சோடியத்தின் அணு எண் 11. அதன் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று மூன்று கூடுகளில் அமைந்திருக்கின்றன. வெளிக்கூட்டில் தனித்து நிற்கும் அந்த ஓர் எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையே பத்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன. கருவின் நேர்மின்னூட்டத்தில் பெரும்பகுதியை அவை மறைத்துவிடுவதால் அதன்மேல் உள்ள பிடி தளர்ந்திருக்கிறது. குளோரினின் அணு எண் 17. அமைப்பு 2, 8, 7. அங்கும் மறைப்பதற்கு உள்ளே பத்து எலக்ட்ரான்கள்தான். ஆனால் கருவில் புரோட்டான்கள் பதினேழு. எனவே வெளிக்கூட்டின்மேல் உள்ள இழுப்பு வலுவானது. எட்டாவதாக இன்னும் ஓர் எலக்ட்ரானுக்கு அங்கே இடமும் இருக்கிறது. தனிம அட்டவணையின் இடப்பக்கத்தில் இருக்கும் உலோகங்கள் பொதுவாகச் சோடியத்தைப் போன்றவை; வலப்பக்கத்து அலோகங்கள், கடைசி நெடுவரிசையின் மந்த வாயுக்கள் நீங்கலாக, குளோரினைப் போன்றவை.

சோடியத்தின் எலக்ட்ரான் குளோரினுக்குப் போனபின் இரண்டும் மின்னூட்டம் பெற்ற அயனிகள் ஆகின்றன. சோடியம் அயனியில் 11 புரோட்டான்கள், 10 எலக்ட்ரான்கள். நிகரமாக ஒரு நேர்மின்னூட்டம். குளோரைடு அயனியில் 17 புரோட்டான்கள், 18 எலக்ட்ரான்கள். நிகரமாக ஓர் எதிர்மின்னூட்டம். அளவும் தலைகீழாகிறது. உலோகத்தில் 186 பிகோமீட்டராக இருந்த சோடியத்தின் ஆரம், வெளிக்கூடே போய்விட்டதால் 102 ஆகச் சுருங்குகிறது. 99 பிகோமீட்டராக இருந்த குளோரின் 181 ஆக விரிகிறது. உப்புக்கல்லின் கன அளவில் பெரும்பங்கை அடைத்துக்கொண்டிருப்பவை குளோரைடு அயனிகளே. சோடியம் அயனிகள் அவற்றின் இடைவெளிகளில் பொருந்தியிருக்கின்றன.

எலக்ட்ரான் ஏன் இடம் மாறுகிறது? 1916இல் ஜெர்மனியில் வால்தர் கோசலும் அமெரிக்காவில் கில்பர்ட் லூயிசும் தனித்தனியே வெளியிட்ட கட்டுரைகளிலிருந்து பிறந்த விடைதான் இன்றும் பள்ளிப் பாடங்களில் முதலில் வருகிறது. ஓர் எலக்ட்ரானை இழந்த சோடியம் நியானின் எலக்ட்ரான் அமைப்பைப் பெறுகிறது. ஓர் எலக்ட்ரானைப் பெற்ற குளோரின் ஆர்கானின் அமைப்பைப் பெறுகிறது. இரண்டுக்கும் வெளிக்கூட்டில் எட்டு. இரண்டும் நிலைத்தன்மை அடைகின்றன. எந்த உலோகம் எத்தனை எலக்ட்ரான்களை விடும், எந்த அலோகம் எத்தனையை ஏற்கும் என்று சொல்ல இந்த எண்ம விதி நன்றாக உதவுகிறது. ஆனால் எட்டை எட்டுவதற்காகவே அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்குகின்றன என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடும் எண்ணம் தவறானது. அது எவ்வளவு தவறு என்பதை அளந்து கண்ட எண்களே காட்டிக்கொடுக்கின்றன.

சோடியம் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிரிக்க, வேதியியலாளர்கள் அணுக்களை மொத்தமாக எண்ணும் அலகான மோலுக்கு 496 கிலோஜூல் ஆற்றல் செலவாகும். சோடியம் எதையும் தானாகக் கொடுப்பதில்லை, பிடுங்கத்தான் வேண்டும். குளோரின் அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது 349 கிலோஜூல் வெளிப்படுகிறது. வரவைவிடச் செலவு 147 கிலோஜூல் அதிகம். ஒன்றிலிருந்து ஒன்று வெகுதொலைவில் நிற்கும் ஒரு சோடியம் அணுவையும் ஒரு குளோரின் அணுவையும் அவற்றின் போக்கில் விட்டால் எலக்ட்ரான் சோடியத்திலேயே தங்கிவிடும். எட்டு எலக்ட்ரான்கள் மட்டும் போதுமானதாக இருந்தால் உலகில் உப்பே இருந்திருக்காது.

பற்றாக்குறையை ஈடுகட்டுவது எதிரெதிர் மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பு. பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785இல் அளந்து நிறுவிய விதிப்படி, இரண்டு அயனிகளும் நெருங்க நெருங்க வெளிப்படும் ஆற்றல் கூடிக்கொண்டே போகும். கணக்குப் போட்டால் இடைத்தொலைவு சுமார் 940 பிகோமீட்டருக்குக் கீழே வந்ததும் 147 கிலோஜூல் கடன் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் எலக்ட்ரான் தாவுவதே லாபம். இதே வகையான தாவலைச் சோடியம் அயோடைடு மூலக்கூறுகளில், ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கைவிடவும் பன்மடங்கு சிறிய கால அளவில், லேசர் துடிப்புகளைக் கொண்டு பின்தொடர்ந்தவர் எகிப்தில் பிறந்த அகமது ஜிவேல். அவ்வகை ஆய்வுகளுக்காக அவருக்கு 1999இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு அயனிகள் சேர்வதோடு கதை முடிந்துவிட்டால் கிடைப்பது ஒரு சிறு மூலக்கூறுதான்; உப்பை 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் கொதிக்கவைத்தால் ஆவியில் இருப்பவை பெரும்பாலும் அத்தகைய மூலக்கூறுகளே. அடுப்படியில் இருப்பது படிகம். அதன் உள்ளமைப்பை 1913இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பிராக், அவர் மகன் வில்லியம் லாரன்ஸ் பிராக் இருவரும் எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு சோடியம் அயனியையும் சுற்றி மேல், கீழ், முன், பின், இடம், வலம் என ஆறு குளோரைடு அயனிகள்; ஒவ்வொரு குளோரைடு அயனியையும் சுற்றி அதேபோல் ஆறு சோடியம் அயனிகள். எந்தச் சோடியத்துக்கு எந்தக் குளோரின் இணை என்று காட்டவே வழியில்லை. இது அந்தக் கால வேதியியலாளர் பலருக்கு உவப்பாக இல்லை. மூலக்கூறு இல்லாத சேர்மமா என்ற கேள்வி எழுந்தது. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கில வேதியியலாளர் 1927இல்கூட 'நேச்சர்' இதழில் இதைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். ஆனால் பிராக் இருவருக்கும் 1915லேயே நோபல் பரிசு கிடைத்துவிட்டது. மகனுக்கு அப்போது வயது 25.

ஆகவே சோடியம் குளோரைடின் வாய்பாடு ஒரு மூலக்கூறைக் குறிப்பதில்லை. படிகத்தில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் அயனிகள் இருக்கின்றன என்பதையே அது சொல்கிறது. மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுச் சிறியதாக, 0.3 மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுர உப்புத் துகளை எடுத்துக்கொள்ளலாம். அதன் ஒரு விளிம்பில் மட்டும் மாறி மாறி ஏறத்தாழ பத்து லட்சம் அயனிகள் வரிசை கட்டி நிற்கின்றன. துகள் முழுவதிலும் ஆறாயிரம் கோடி கோடி சோடியம் அயனிகளும் அதே அளவு குளோரைடு அயனிகளும் உண்டு.

இந்தக் கூட்டம்தான் உப்பின் உண்மையான பலம். படிகத்தில் ஒரு சோடியம் அயனியின் நிலையிலிருந்து பார்த்தால் 282 பிகோமீட்டர் தொலைவில் ஆறு குளோரைடு அயனிகள் அதை ஈர்க்கின்றன. 399 பிகோமீட்டரில் பன்னிரண்டு சோடியம் அயனிகள் அதை விலக்குகின்றன. 488 பிகோமீட்டரில் எட்டு குளோரைடு அயனிகள் மீண்டும் ஈர்க்கின்றன. ஈர்ப்பும் விலக்கமும் இப்படி மாறி மாறிப் படிகத்தின் விளிம்புவரை தொடர்கின்றன. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், அதே தொலைவில் நிற்கும் தனி இணையைவிட 1.7476 மடங்கு ஈர்ப்பு எஞ்சுகிறது. ஜெர்மானிய இயற்பியலாளர் எர்வின் மாடலுங்கின் பெயரால் வழங்கும் எண் இது; படிகத்தின் வடிவத்தை மட்டுமே பொறுத்தது. தனி இணைக்கு 493 கிலோஜூல் என்றால் படிகத்தில் 861. அயனிகள் மேலும் நெருங்கினால் அவற்றின் எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விலக்கத் தொடங்கும். ஈர்ப்பும் இந்த விலக்கமும் சமப்படும் இடம்தான் 282 பிகோமீட்டர். விலக்கத்துக்கான கழிவு போக, வாயுநிலை அயனிகள் சேர்ந்து படிகமாகும்போது வெளிப்படுவதாகக் கணக்கிடப்படும் படிகக்கூடு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 786 கிலோஜூல்.

இந்த வரவு செலவை முழுமையாக எழுதும் முறை 1919இல் வந்தது. மாக்ஸ் பார்ன், ஃபிரிட்ஸ் ஹேபர் என்ற இரு ஜெர்மானியர்களின் பெயரால் அது பார்ன்-ஹேபர் சுழற்சி எனப்படுகிறது. ஈப்ர போர்முனையில் குளோரின் தாக்குதலை நேரில் நின்று வழிநடத்தியவரும் இதே ஹேபர்தான் என்பது வேதியியல் வரலாற்றின் கனத்த பக்கங்களில் ஒன்று. சுழற்சியின் கணக்கு எளிது. திட சோடியத்தை ஆவியாக்க 107 கிலோஜூல். குளோரின் மூலக்கூறைப் பிளந்து ஒரு மோல் அணுக்களைப் பெற 121. சோடியத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 496. குளோரின் அதை ஏற்பதால் திரும்பக் கிடைப்பது 349. இதுவரை நிகரச் செலவு 375 கிலோஜூல். படிகம் உருவாகும்போது கிடைக்கும் வரவு 786. மிச்சம் 411 கிலோஜூல். சோடியம் குளோரினில் எரியும்போது ஒரு மோல், அதாவது 58.4 கிராம் உப்புக்கு வெளிப்படும் வெப்பமாக ஆய்வகத்தில் அளக்கப்படுவதும் இதே அளவுதான். குடுவையைச் சுடவைப்பது எலக்ட்ரான் கைமாறியது அல்ல, அயனிகள் அடுக்காகச் சேர்ந்தது.

எண்ம விதி எதனால் பலிக்கிறது என்பதும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. சோடியத்திலிருந்து இரண்டாவது எலக்ட்ரானையும் பிரிக்க 4,562 கிலோஜூல் வேண்டும். அது கருவுக்கு நெருக்கமான உள்கூட்டைச் சேர்ந்தது. இரட்டை மின்னூட்டச் சோடியத்தால் ஆன எந்தப் படிகமும் அவ்வளவு ஆற்றலைத் திருப்பித் தராது. மக்னீசியத்தின் நிலை வேறு. அதன் அமைப்பு 2, 8, 2. முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதற்கு 1,451 கிலோஜூல். செலவு பெரிதுதான். ஆனால் இரட்டை மின்னூட்டம் கொண்ட மக்னீசியம் அயனி குளோரைடு அயனிகளை இருமடங்கு வலுவாக இழுப்பதால் மக்னீசியம் குளோரைடின் படிகக்கூடு ஆற்றல் 2,500 கிலோஜூலைத் தாண்டுகிறது. செலவு முழுவதும் ஈடாகி மிச்சமும் நிற்கிறது. மூன்றாவது எலக்ட்ரானுக்கு 7,733 கிலோஜூல் கேட்கும் என்பதால் மக்னீசியம் இரண்டோடு நின்றுவிடுகிறது. ஒரு மக்னீசியத்துக்கு இரண்டு குளோரின் என்ற வாய்பாடும், இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஆக்சிஜன் என்ற வாய்பாடும், படிகம் மொத்தத்தில் மின்நடுநிலையோடு இருக்கவேண்டும் என்பதிலிருந்து தாமாகவே வருகின்றன.

ஆக்சிஜன் இன்னும் வியப்பானது. ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது ஆக்சிஜன் அணு 141 கிலோஜூல் வெளியிடும். ஏற்கனவே எதிர்மின்னூட்டம் பெற்றுவிட்ட அது இரண்டாவது எலக்ட்ரானை எதிர்த்துத் தள்ளும். வலிந்து சேர்க்க 700 கிலோஜூலுக்கும் மேல் செலவாகும். அதாவது எட்டு எலக்ட்ரான்கள் நிறைந்த ஆக்சைடு அயனி வெற்றிடத்தில் தனியாக நிலைத்திருக்க முடியாது. மக்னீசியம் ஆக்சைடு படிகத்துக்குள் மட்டும், சுற்றிலும் நேர்மின் அயனிகள் தாங்கி நிற்பதால், அது நிலைக்கிறது. அயனிப் பிணைப்பு இரண்டு அணுக்களுக்கு இடையே நடக்கும் பரிமாற்றம் அல்ல, ஒரு படிகம் முழுவதற்கும் உரிய நிகழ்வு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

மின்னூட்டத்தின் பங்கைக் காண மக்னீசியம் ஆக்சைடையும் சோடியம் ஃபுளூரைடையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுக்கும் உப்பின் அதே படிக அமைப்பு. அயனிகளுக்கு இடையிலான தொலைவிலும் பெரிய வேறுபாடில்லை. முன்னதில் 211, பின்னதில் 231 பிகோமீட்டர். மின்னூட்டம் மட்டும் ஒன்றுக்குப் பதில் இரண்டு. இரண்டை இரண்டால் பெருக்க ஈர்ப்பு நான்கு மடங்காகிறது. படிகக்கூடு ஆற்றல் 900 சொச்சத்திலிருந்து 3,800ஐ ஒட்டி உயர்கிறது. சோடியம் ஃபுளூரைடு 1,000 டிகிரி செல்சியசை ஒட்டி உருகும்போது மக்னீசியம் ஆக்சைடு 2,850 டிகிரி வரை தாங்குகிறது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு மக்னீசியம் ஆக்சைடு செங்கற்கள் பதிப்பது இதனால்தான். தொலைவின் பங்கும் இதேபோல் தெரியும். ஃபுளூரைடிலிருந்து குளோரைடு, புரோமைடு, அயோடைடு என்று எதிர்மின் அயனி பெருத்துக்கொண்டே போக, சோடிய உப்புகளின் உருகுநிலை ஏறத்தாழ 1,000, 801, 747, 661 டிகிரி என இறங்கிவருகிறது.

உப்பின் மற்றப் பண்புகளும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. சற்றுப் பெரிய கல்லுப்பு ஒன்றின் முகத்துக்கு இணையாகக் கத்தியின் விளிம்பை வைத்து மேலே லேசாகத் தட்டினால் அது நொறுங்காமல் மட்டமான முகத்தோடு இரண்டாகப் பிளக்கும். பிளந்த முகம் பக்கத்து முகத்துக்குச் செங்குத்தாக இருக்கும். தட்டிய விசையில் ஓர் அடுக்கு ஓர் அயனியின் தொலைவுக்கு நகர்ந்தால் போதும்; சோடியத்துக்கு எதிரே சோடியமும் குளோரைடுக்கு எதிரே குளோரைடும் வந்துவிடும். ஈர்த்துக்கொண்டிருந்த இரண்டு அடுக்குகள் அந்தக் கணமே ஒன்றையொன்று தள்ளும். உலோகத்தில் எலக்ட்ரான்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவாக உலவுவதால் அடுக்கு நகர்ந்தாலும் பிடி விடுவதில்லை. செம்பைத் தகடாக அடிக்க முடிவதும் உப்பை அடிக்க முடியாததும் இதனால்தான்.

திட உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. மின்னூட்டம் நிறைய இருக்கிறது, ஆனால் ஒவ்வோர் அயனியும் தன் இடத்தில் கட்டுண்டு நிற்கிறது. 801 டிகிரி செல்சியசில் உருகியதும் அயனிகள் நகரத் தொடங்கி மின்சாரம் பாயும். ஹம்ஃப்ரி டேவி 1807இல் லண்டனில் உருகிய எரிசோடாவில் மின்சாரம் பாய்ச்சித்தான் சோடியத்தை முதன்முதலாகப் பிரித்தெடுத்தார். இன்றைய ஆலைகளிலும் உருகிய உப்பை மின்பகுத்தே சோடியம் பிரிக்கப்படுகிறது; உடன் குளோரினும் கிடைக்கிறது. கால்சியம் குளோரைடு போன்ற பிற உப்புகளைக் கலந்து உருகுநிலையை 600 டிகிரி அளவுக்கு இறக்கிக்கொள்கிறார்கள். எரியும்போது வெளியேறிய ஆற்றலை மின்சாரமாகத் திருப்பிக் கொடுக்கும் வேலை இது.

உருக்கத்தான் 801 டிகிரி வேண்டும். நீரில் கரைக்க அடுப்பே வேண்டாம். நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் முனையில் சிறிது எதிர்மின் தன்மையும் ஹைட்ரஜன் முனைகளில் சிறிது நேர்மின் தன்மையும் உண்டு. படிகத்தின் மூலைகளிலிருந்து நீர் மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. அயனிகளை நீர் சூழும்போது வெளிப்படும் ஆற்றல், படிகத்தைக் குலைக்கத் தேவையான ஆற்றலுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. மோலுக்கு 4 கிலோஜூல் போலக் குறைகிறது. அந்தச் சிறு குறையால்தான் உப்பு கரையும்போது நீர் மிகச் சிறிதளவு குளிர்கிறது. அடுக்கில் கட்டுண்டிருந்த அயனிகள் நீரெங்கும் பரவிவிடும் ஒழுங்கின்மை அந்தக் குறையை மிஞ்சிவிடுகிறது. 25 டிகிரியில் 100 கிராம் நீரில் 36 கிராம் உப்பு கரையும். கரைந்த உப்பு, மின்சாரம் பாயாதபோதும் அயனிகளாகவே பிரிந்திருக்கிறது என்ற கருத்துக்கு வழிவகுத்த, ஸ்வாண்டே அரீனியசின் 1884ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டுக்குச் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் மிகக் குறைந்த தரமே அளித்தது. 1903இல் அதே பணிக்காக நோபல் பரிசு வந்தது.

கடல்நீர் இந்த அயனிகளின் கலவை. தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற இடங்களின் உப்பளப் பாத்திகளில் நீர் வற்ற வற்ற, கரைதிறன் குறைந்த ஜிப்சம் உப்புக்கு முன்பே பிரிகிறது. பிறகு சோடியம் குளோரைடு படிகமாகிறது. மக்னீசியம் குளோரைடு போன்றவை கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அந்த நீரில் கொஞ்சம் கல்லுப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வருகிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பதற்கு முக்கியக் காரணம் இது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சிறிய உருவில் இரட்டை மின்னூட்டத்தைச் சுமக்கும் மக்னீசியம் அயனிக்கு நீர் மூலக்கூறுகளின்மேல் அவ்வளவு இழுப்பு.

சிறிய உருவில் மிகுந்த மின்னூட்டம் சேர்ந்தால் அது நீரை மட்டும் இழுப்பதில்லை. பக்கத்து எதிர்மின் அயனியின் எலக்ட்ரான் மேகத்தையும் தன்பக்கம் இழுத்து உருக்குலைக்கும். எதிர்மின் அயனி பெரிதாக இருந்தால் அதன் மேகம் எளிதில் இழுபடும். 1923இல் கசிமிர் ஃபயான்ஸ் வகுத்த விதிகளின் சாரம் இது. இழுபடும் அளவு கூடக்கூட எலக்ட்ரான் முழுதாகக் கைமாறிய நிலை போய், இரண்டு அணுக்களுக்கும் பொதுவாக இருக்கும் சகப்பிணைப்பின் சாயல் ஏறுகிறது. அயனிப் பிணைப்பு, சகப்பிணைப்பு என்று பாடநூல்கள் இரண்டு பெட்டிகளாகப் பிரித்தாலும் இயற்கையில் நடுவே கோடு எதுவும் இல்லை. லைனஸ் பாலிங்கின் எலக்ட்ரான் கவர்திறன் அளவுகோலில் சோடியம் 0.93, குளோரின் 3.16. இந்த வேறுபாட்டுக்கு அவருடைய சூத்திரம் தரும் அயனித்தன்மை 71 சதவீதம் அளவுக்குத்தான். உப்பே அப்படியென்றால் மற்றவற்றைச் சொல்லவே வேண்டாம்.

இதன் விளைவு அலுமினியத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. மூன்று எலக்ட்ரான்களை இழந்த அலுமினியம் அயனி மிகச் சிறியது. எலக்ட்ரான்களை இறுகப் பிடித்திருக்கும் சிறிய ஃபுளூரைடோடு சேர்ந்தால் கிடைப்பது 1,200 டிகிரி செல்சியசைத் தாண்டியும் திடமாக இருக்கும் அயனிப் படிகம். மேகம் எளிதில் இழுபடும் குளோரைடோடு சேர்ந்தால் கிடைப்பது 180 டிகிரியிலேயே ஆவியாகிவிடும் பொருள். ஆவியில் இரண்டு அலுமினியமும் ஆறு குளோரினும் கொண்ட தனித்தனி மூலக்கூறுகள் இருக்கின்றன. அழுத்தம் கொடுத்து உருக்கினாலும் அதில் அயனிகள் இல்லாததால் மின்சாரம் பாய்வதில்லை. ஆகவே சோடியத்தைப் போலக் குளோரைடை மட்டும் உருக்கி மின்பகுத்து அலுமினியம் எடுக்க முடியாது. அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூலும் 1886இல் தனித்தனியே கண்ட முறையில், அலுமினியம் ஆக்சைடை, உருகிய கிரையோலைட் என்ற உப்பில் கரைத்து, சுமார் 960 டிகிரி செல்சியசில் மின்சாரம் பாய்ச்சியே அந்த உலோகம் இன்றுவரை பிரிக்கப்படுகிறது.